அடைக்கு எந்த முட்டை? கம்பம் பள்ளத்தாக்கில் காடை வளர்ப்பின் வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கின் வேளாண்மையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி நீரைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது. மேற்கே ஏலமலைத் தொடருக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் இந்நிலம், மழை மறைவுப் பகுதியாக இருந்தும், 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி வந்ததால், லோயர்கேம்ப் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டி வரை இருபோக நெல் விளையும் நிலமாயிற்று. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களில் கிணற்று நீரை நம்பிப் பந்தலில் ஏறிய பன்னீர் திராட்சை, 2023இல் கம்பத்தின் பெயராலேயே புவிசார் குறியீடு பெற்றது. நீரையும் நிலத்தையும் அதிகம் கேட்காத காடை வளர்ப்பு, ஒரு கொட்டகையும் சில கூண்டுகளும் தடையற்ற மின்சாரமும் இருந்தால் நிலமற்றவரும் நடத்தக்கூடியது. ஆயினும் நெல்லும் திராட்சையும் பெற்ற கவனத்தில் சிறு பங்கைக்கூட அது பெற்றதில்லை. அத்தொழிலின் இலாபமும் இழப்பும் பெரும்பாலும் முதல் நாளிலேயே, அதாவது பத்து கிராம் எடையைச் சுற்றி அமையும் முட்டைகளில் எதை அடைக்கு வைப்பது, எதைச் சமையலுக்கு அனுப்புவது என்ற தேர்விலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

காடை இந்நிலத்துக்குப் புதிய பறவை அன்று. சங்க நூல்கள் அதைக் குறும்பூழ் என்று அறிந்திருந்தன; குறுந்தொகையில் அது நெய்யில் சமைக்கப்படும் உணவாகவும், கலித்தொகையின் மருதப் பகுதியில் ஊரார் கூடிப் பார்க்கும் போர்ப் பறவையாகவும் வருகிறது. தமிழ்நாட்டுச் சமவெளிகளின் மானாவாரிக் காடுகளில் மழைக்குப் பின் குரல் கொடுக்கும், நெஞ்சில் கருநிறம் கொண்ட காடை இனத்துக்கு அறிவியலாளர் வைத்த பெயரிலேயே சோழமண்டலக் கரையின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. மலைச்சரிவுகளில் புதர்க்காடைகளும் உண்டு. இவை யாவும் வலையிலும் கண்ணியிலும் பிடிக்கப்பட்டு உண்ணப்பட்டவையே அன்றி வளர்க்கப்பட்டவை அல்ல. கூண்டில் அடைத்துச் சண்டைக்குப் பழக்கினாலும், அவற்றை முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்துப் பெருக்கும் தொழில் இங்கே உருவாகவில்லை. ஆகவே இன்று தேனியிலும் கம்பத்திலும் உணவகங்களில் வறுவலாகக் கிடைக்கும் காடைக்கும் சங்கப் பாடல்களின் குறும்பூழுக்கும் இடையே நேர்கோட்டு உறவு இல்லை; இடையில் ஒரு கடல் பயணமும் சில ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன.

எனினும் முட்டையைத் தேர்ந்து அடை வைக்கும் அறிவு இங்கே பழையது. காடையைக் கொண்டு அல்லாமல் நாட்டுக்கோழியைக் கொண்டு தமிழகக் கிராமத்துப் பெண்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். அடைக்கு வைக்கும் முட்டைகளை அவர்கள் ஒன்றொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். மிகச் சிறியதும் வழக்கத்துக்கு மாறாகப் பெரியதும் கோணலானதும் ஓடு சொரசொரப்பானதும் ஒதுக்கப்பட்டன. பழைய முட்டை சமையலுக்குப் போனது. முட்டையை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து வெயிலில் காட்டி உள்ளே கரு கூடியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும், பொரிக்கும் நாள் நெருங்கும்போது வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு அசைவைக் கவனிக்கும் பழக்கமும் இருந்தன. கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, இடிச்சத்தம் கருவைக் கெடுக்காதிருக்க ஒரு இரும்புத் துண்டோ கரித்துண்டோ காய்ந்த மிளகாயோ வைத்தார்கள். இரும்பும் மிளகாயும் இடியைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் பெரிய முட்டையே நல்ல முட்டை என்ற எளிய முடிவுக்கு அவர்கள் வராமல், நடுத்தர முட்டையைத் தேடினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அறிவியல் பின்னர் வேறு வழியில் வந்து சேர்ந்த இடமும் ஏறத்தாழ அதுவே.

இன்று பண்ணைகளில் வளர்வது ஜப்பானியக் காடை. கிழக்காசியக் காட்டுக் காடையிலிருந்து வந்த இப்பறவை முதலில் வளர்க்கப்பட்டது உணவுக்காக அல்ல, குரலுக்காக. ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகப் பாடும் காடைகளைக் கூண்டில் வைத்துப் போற்றும் வழக்கம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முட்டைக்காக அதை வளர்க்கும் தொழில் அங்கே உருவானது. ஐச்சி மாநிலத்தின் டொயோஹாஷி நகரம் அதன் மையமாக வளர்ந்து இன்றும் அப்படியே நீடிக்கிறது. இரண்டாம் உலகப் போர் இந்தத் தொழிலைக் கிட்டத்தட்ட அழித்தது. தீவனம் இன்றிப் பாடும் காடைகளின் வழித்தோன்றல்கள் அற்றுப்போயின. முட்டைக் காடைகளில் எஞ்சிய சிலவற்றையும் அண்டை நாடுகளில் இருந்தவற்றையும் கொண்டு போருக்குப் பின் தொழில் மீண்டும் கட்டப்பட்டது. இன்று உலகெங்கும் உள்ள பண்ணைக் காடைகளில் பெரும்பாலானவை அந்தச் சிறு எஞ்சலின் வாரிசுகள் என்பதை நினைவில் கொள்வது நல்லது, ஏனெனில் நெருங்கிய உறவுகளை இணைத்தால் இந்தப் பறவை கோழியைவிட விரைவாக நலிகிறது. உறவுக்குள் இணைசேர்ப்பு, அதாவது உடன்பிறந்தவற்றையோ பெற்றோர், பிள்ளைகளையோ இணைத்தல், சில தலைமுறைகள் தொடர்ந்தாலே கருவுறுதலும் பொரிப்பும் குஞ்சு பிழைப்பும் சேர்ந்து சரிந்து அந்த வழியே அற்றுப்போவதை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள்.

போருக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இப்பறவையை ஆய்வுக்காக எடுத்துக்கொண்டன. ஆறு, ஏழு வாரங்களிலேயே பருவமடைந்து முட்டையிடத் தொடங்கும், 17 அல்லது 18 நாள்களில் குஞ்சு பொரிக்கும், சிறு கூண்டில் அடங்கும் பறவை என்பதால், கோழியில் ஓராண்டு பிடிக்கும் இனவிருத்தி ஆய்வை இதில் சில மாதங்களில் முடிக்க முடிந்தது. பின்னாளில் 1990 மார்ச்சில் சோவியத் ஒன்றியத்தின் மிர் விண்வெளி நிலையத்திலும் காடை முட்டைகள் பொரிந்தன. அங்கும் இதையே தேர்ந்ததற்குக் காரணம் முட்டையின் சிறுமையும் பொரிப்பின் விரைவுமே. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் காடை ஆய்வில் முன்னணியில் நின்றது. அங்கிருந்துதான் 1974இல் ஜப்பானியக் காடை இந்தியாவுக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தின் இஜ்ஜத்நகரில் அது வளர்க்கப்பட்டது; 1979இல் அங்கே தனி நிறுவனமாக உருவான மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் இந்தப் பறவையை இந்திய வெப்பத்துக்கும் இந்தியத் தீவனத்துக்கும் பழக்கி, இறைச்சிக்கும் முட்டைக்கும் தனித்தனி வழிகளைப் பிரித்து, கேரி உத்தம், கேரி உஜ்வல், கேரி ஸ்வேதா, கேரி பேர்ல் போன்ற பெயர்களில் வெளியிட்டது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் சென்னை நந்தனத்தில் அப்போது இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையமும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் மேற்கொண்டன. 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இரண்டும் இயங்குகின்றன. நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று பண்ணையாளர்கள் இன்று பேசுவது இந்நிறுவனங்கள் உருவாக்கிய இறைச்சிக் காடை வகைகளை. ஐந்து வாரத்தில் 200 கிராமை நெருங்கும் பறவை, ஒரு கோழிக்கு வேண்டிய இடத்தில் எட்டுப் பத்து பறவைகள், குறைந்த முதலீடு, விரைவான திருப்பம் ஆகியவை சிறு விவசாயிகளை இதன் பக்கம் ஈர்த்தன. தேனி மாவட்டத்திலும் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையம் போன்ற நிறுவனங்கள் உழவருக்குத் தொழில் பயிற்சி தரும் வேலையைச் செய்கின்றன. 2020இல் மாவட்டத்துக்கெனத் தனிக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது.

இத்தொழிலின் குறுக்கே ஒரு சட்டத் தடையும் நின்றது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு உயிரினங்களைக் காக்க எழுதப்பட்டது; அதன் அட்டவணையில் இருந்த காடை என்ற பொதுச் சொல்லுக்குள், பின்னர் இந்தியாவுக்கு வந்து பண்ணையில் பிறந்து பண்ணையில் இறக்கும் ஜப்பானியக் காடையும் அடங்கிவிட்டது. உரிமம் பெற்று வளர்க்கும் நிலை நீடிக்க, 2011இல் மத்திய அரசு புதிய உரிமங்களை நிறுத்தியபோது தொழில் தடுமாறியது. 2013இன் இறுதியில்தான் ஜப்பானியக் காடைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காட்டுக் காடையைப் பிடிப்பதும் விற்பதும் இன்றும் குற்றமே. பண்ணைக் காடை மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது காட்டுக் காடைக்குக் கிடைத்த ஒரு பாதுகாப்பு என்று கொள்வதில் தவறில்லை.

முட்டையின் அளவு இந்தப் பறவையில் ஏன் இவ்வளவு பெரிய பொருளாகிறது என்பதை அறிய, தாய்க்கும் முட்டைக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். கோழி இடும் முட்டை அதன் உடல் எடையில் சுமார் 3 விழுக்காடு. வான்கோழிக்கு அது 1 விழுக்காட்டை ஒட்டியது. காடைக்கோ 8 விழுக்காட்டை எட்டுகிறது. ஆண்டுக்கு 250க்கும் மேல் முட்டையிடும் ஒரு சிறு பறவை தன் உடலைப் பலமுறை முட்டையாக வெளியே தந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். அதன் உணவில் புரதம் சற்றுக் குறைந்தாலும், கோடை வெப்பத்தில் தீவனம் எடுப்பது குறைந்தாலும், முதலில் சுருங்குவது முட்டைதான். ஆகவே முட்டையின் எடை என்பது ஒரு தனி எண் அன்று. தாயின் வயது, உடல் எடை, தீவனம், பருவம், பரம்பரை அனைத்தும் அதில் பதிவாகியிருக்கின்றன.

பண்ணைக் காடை முட்டைகள் பெரும்பாலும் 9 முதல் 13 கிராம் வரை இருக்கும். பொரிந்து வெளிவரும் குஞ்சின் எடை முட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி அமைகிறது. எஞ்சியது ஓடு, சவ்வு, ஆவியாகிப்போன நீர். அந்தக் கணக்கில் 9 கிராம் முட்டையிலிருந்து 6 கிராம் குஞ்சும், 12 கிராம் முட்டையிலிருந்து 8 கிராம் குஞ்சும் வரும். முட்டை எடைக்கும் ஒரு நாள் குஞ்சின் எடைக்கும் உள்ள இந்த உறவு பறவையியலில் மிக உறுதியாக நிறுவப்பட்டவற்றுள் ஒன்று. எந்த நாட்டில் எந்த வகைக் காடையில் ஆய்ந்தாலும் அது மாறுவதில்லை. பெரிய முட்டையே நல்லது என்று பண்ணையாளர் நினைப்பதற்கு இதுவே காரணம், குஞ்சை வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அதன் உருவத்தைத்தான்.

ஆனால் குஞ்சின் எடை, பொரிந்த குஞ்சுகளுக்கு மட்டுமே உரியது. எத்தனை முட்டைகள் பொரிந்தன என்ற கணக்கில் முட்டையின் அளவு வேறு விதமாக வேலை செய்கிறது. முட்டையின் ஓடு ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்டது. அவற்றின் வழியே உயிர்வளி உள்ளே வருகிறது, நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறுகின்றன. அடைகாலத்தில் முட்டை ஓரளவு நீரை இழந்தே ஆக வேண்டும். அந்த இழப்பினால்தான் முட்டையின் அகன்ற முனையில் காற்றறை விரிகிறது, பொரிக்கும் நாளில் குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் அந்தக் காற்றறைக்குள் அலகை நுழைத்துத் தன் முதல் மூச்சை இழுக்கிறது. ஹெர்மன் ரான், அமோஸ் ஆர் என்னும் இரு உடலியலாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறிய முட்டையிடும் பறவை முதல் மிகப் பெரிய முட்டையிடும் பறவை வரை, அடைகாலத்தில் முட்டை இழக்கும் நீர் அதன் தொடக்க எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக அமைவதைக் காட்டினர். இயற்கை ஒவ்வோர் இனத்துக்கும் அதன் முட்டை அளவுக்கேற்ற ஓட்டையும் துளைகளையும் தந்து இந்தச் சமநிலையைக் காக்கிறது. ஒரே இனத்துக்குள், ஒரே பொரிப்பானுக்குள், ஒரே ஈரப்பதத்தில் சிறியதும் பெரியதுமான முட்டைகளைச் சேர்த்து அடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சிறிய முட்டைக்கு எடையோடு ஒப்பிட மேற்பரப்பு அதிகம். 13 கிராம் முட்டைக்கு ஒரு கிராமுக்கு உரிய மேற்பரப்பு, 9 கிராம் முட்டையில் இருப்பதைவிடச் சுமார் 11 விழுக்காடு குறைவு. ஆகவே சிறிய முட்டை விரைவாக உலர்கிறது. உள்ளே குஞ்சு சவ்வில் ஒட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் சாகிறது. மிகப் பெரிய முட்டையில் இதற்கு எதிரான கேடு நேர்கிறது: நீர் போதிய அளவு வெளியேறாமல் காற்றறை சிறுத்து, குஞ்சு நீர் கோத்து வீங்கி, ஓட்டை உடைக்க வலுவின்றி நிற்கிறது; கடைசி நாள்களில் வளர்ந்த கரு தானே உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்றுவதும் பெரிய முட்டைக்குக் கடினம். அளவுக்கு மீறிய முட்டைகளில் ஓடு மெலிந்து விரிசல் காண்பதும், இரட்டை மஞ்சள்கரு இருப்பதும் உண்டு. இந்தக் காரணங்களால்தான் பெரும்பாலான ஆய்வுகளில் நடுத்தர முட்டைகள் நல்ல பொரிப்பைத் தருகின்றன. சில ஆய்வுகளில் பெரிய முட்டைகள் முந்தியதும் உண்டு. ஓர் ஆய்வில் 'பெரியது' எனப்பட்டது மற்றொன்றின் நடுத்தரமாக இருப்பதே அத்தகைய முரண்களுக்கு முக்கியக் காரணம். ஆகவே இத்தனை கிராம் என்று எல்லாக் கூட்டங்களுக்கும் பொதுவான எண்ணை விதிப்பதைவிட, அந்தந்தத் தாய்க்கூட்டத்தின் சராசரியை ஒட்டிய முட்டைகளை எடுத்து இரு ஓரங்களையும் ஒதுக்குவதே சரியான வழி.

சீரான அளவுக்கு மற்றொரு பயனும் உண்டு. பெரிய முட்டை பொரிவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். அளவு கலந்த முட்டைகளை ஒரே நாளில் வைத்தால், முதலில் வந்த சிறு குஞ்சுகள் மற்றவை வரும்வரை பொரிப்பானுக்குள் நீரின்றிக் காத்துக் கிடந்து உலர்கின்றன. அவற்றுக்காக முன்கூட்டியே திறந்தால் பின்னால் வரும் குஞ்சுகள் ஈரம் குறைந்து ஓட்டிலேயே சிக்குகின்றன. 6 கிராம் குஞ்சுக்குப் பல மணி நேரக் காத்திருப்பு சிறிய இழப்பு அன்று.

வளர்ச்சியைப் பற்றிய கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை பண்ணையாளர் எதிர்பார்ப்பதினின்று வேறுபட்டது. பெரிய முட்டையின் குஞ்சு முதல் வாரத்தில் தெளிவாக முந்துகிறது. இரண்டாம் வாரத்திலும் அந்த வேறுபாடு தெரிகிறது. பின்னர் அது மங்கி, ஐந்தாம் வாரத்தில் பரம்பரையும் தீவனமும் பாலினமும் முட்டையின் பங்கை மூடிவிடுகின்றன. 7 கிராமில் தொடங்கி ஐந்து வாரத்தில் 25 மடங்குக்கும் மேல் பெருகும் பறவையில், முதல் நாளின் இரண்டு கிராம் வேறுபாடு கரைந்துபோவது இயல்பே. காடையில் பெண் பறவை ஆணைவிடக் கனமானது என்பதால், விற்பனை நாளில் காணும் எடை வேறுபாட்டில் ஒரு பகுதியை முட்டையின் கணக்கில் எழுதுவதும் பிழை.

ஆயினும் முட்டையின் அளவைப் புறக்கணிக்க முடியாது, ஏனெனில் காடைப் பண்ணையில் பேரிழப்பு நேர்வது அந்த முதல் பத்து நாள்களில்தான். சிறிய குஞ்சுக்கு உடற்பரப்பு அதிகம், உள்ளே எஞ்சிய மஞ்சள்கருச் சேமிப்பு குறைவு. புரூடர் எனப்படும் வெப்பக் கூண்டின் சூடு சற்றுத் தாழ்ந்தாலும் அது முதலில் குளிர்ந்து, ஓரத்தில் குவிந்து, மற்றவற்றின் அடியில் நசுங்குகிறது. நீர்த் தட்டில் விழுந்து மூழ்குவதும் அதுவே. தட்டில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வைக்கும் எளிய ஏற்பாடு தமிழகப் பண்ணைகளில் பரவியது இதனால்தான். ஆகவே முட்டையின் அளவு காடையின் இறுதி எடையைத் தீர்மானிப்பதில்லை, அந்த எடையை அடையும்வரை உயிரோடு இருப்பவை எத்தனை என்பதைத் தீர்மானிக்கிறது. சிறு பண்ணையின் கணக்கில் இரண்டாவதே முக்கியமானது.

இங்கே தாயின் வயது நுழைகிறது. முட்டையிடத் தொடங்கிய முதல் சில வாரங்களில் காடை இடும் முட்டை சிறியது, கருவுறுதலும் நிலைபெறாதது. வயது ஏற ஏற முட்டை பெரிதாகிறது. ஆனால் ஓடு மெலிகிறது, ஆறு மாதம் கடந்தபின் கருவுறுதல் சரிகிறது. எனவே சிறிய முட்டையின் குறையிலும் பெரிய முட்டையின் குறையிலும் ஒரு பகுதி அளவின் குறை அன்று, வயதின் குறை. கிழக் காடையின் பெரிய முட்டையைவிட, இரண்டு முதல் ஆறு மாத வயதுள்ள காடையின் நடுத்தர முட்டை சிறந்தது. காடை முட்டையின் ஓடு புள்ளிகளும் திட்டுகளும் நிறைந்தது என்பதால், கோழி முட்டையைப்போல ஒளியில் காட்டிக் கருவைத் தெளிவாகப் பார்ப்பதும் இயலாது. கண்ணால் தேர முடியாத முட்டையை எடையாலும் வயதாலும் தேர்வதன்றி வேறு வழியில்லை. காடை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே முட்டையிடுவதால், மாலையில் பொறுக்காமல் விட்ட முட்டை ஓர் இரவு முழுதும் கொட்டகையில் கிடக்கிறது. ஏழு நாளுக்கு மேல் சேமித்த முட்டையில் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறைந்துகொண்டே போகிறது.

எடையை மட்டுமே துரத்திய இனவிருத்தி எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் ஹென்றி மார்க்ஸ், நான்கு வார வயதின் உடல் எடையை ஒன்றையே அளவாகக் கொண்டு, ஜப்பானியக் காடையைத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தலைமுறைகள் தேர்ந்து வளர்த்தார். பறவை வியக்கத்தக்க அளவு பெருத்தது. முட்டையும் உடன் பெருத்தது. ஆனால் இவ்வாறு எடைக்காகத் தேரப்பட்ட கூட்டங்களில் கருவுறுதலும் பொரிப்பும் தேய்வது கோழியினம் முழுவதிலும் காணப்படும் விதி. தமிழ்நாட்டின் இறைச்சிக் காடை வகைகள் முன்னேறும் பாதையிலும் இந்த விலை காத்திருக்கிறது. பெரிய பறவையைக் கொண்டாடும்போதே, ஒரு தாய்க்காடை தரும் உயிருள்ள குஞ்சுகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எண்ணுவதே நேர்மையான கணக்கு.

கம்பம் பள்ளத்தாக்கின் தட்பவெப்பம் இந்தக் கணக்கைக் கடினமாக்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியே பாய்ந்து ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடி மாதத்தில், மலைக்கு மேற்கே மழை கொட்டிக்கொண்டிருக்க, கிழக்கே இறங்கும் காற்று உலர்ந்து வீசுகிறது. அந்தக் காற்றை உள்ளே இழுக்கும் பொரிப்பானில் நீர்த்தட்டு ஒருவேளை வற்றினாலும் முதலில் அடிபடுவது சிறு முட்டைகளே. சித்திரை, வைகாசி வெயிலில் தாய்க்காடை தீவனம் குறைத்துச் சிறு முட்டையிடுகிறது. மார்கழியில் மலையடிவாரக் குளிர் புரூடரின் சூட்டைத் தின்கிறது. தமிழகம் நெடுநேர மின்வெட்டால் தவித்த 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜெனரேட்டர் வைக்க இயலாத எந்தச் சிறு பொரிப்பகத்துக்கும் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 17 நாள் குலையாமல் காப்பது பெரும்பாடாகவே இருந்திருக்கும். வெப்பம் தவறும்போது விரைவில் குளிர்வதும் சிறிய முட்டையே. வீட்டுக் காடை அடைகாக்கும் இயல்பைப் பல தலைமுறைகளுக்கு முன்பே இழந்துவிட்டதால், மின்சாரம் போனால் தாயிடம் திருப்பித் தரவும் வழியில்லை. கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் 2014இலும் 2021இன் தொடக்கத்திலும் பறவைக் காய்ச்சல் தோன்றியபோது எல்லைச் சோதனைச் சாவடிகளில் கோழியினப் போக்குவரத்து கண்காணிக்கப்பட்டது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே மலைக்கு அப்பாலுள்ள சந்தையை எதிர்நோக்கும் இந்தப் பள்ளத்தாக்கில், அத்தகைய நாள்களின் சுமையைத் தாங்க முடிவது இறப்பு குறைந்த பண்ணைகளால் மட்டுமே.

குஞ்சுகளை வெளியூர்ப் பொரிப்பகங்களிலிருந்து வாங்கி வளர்த்து விற்கும் முறையில், முட்டையைத் தேர்பவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவர். பொரிப்பகம் குஞ்சுகளை எண்ணி விற்கிறது. பண்ணையாளர் பத்தாம் நாளில் எஞ்சியவற்றை எண்ணுகிறார். 6 கிராம் குஞ்சுக்கும் 8 கிராம் குஞ்சுக்கும் ஒரே விலை என்னும் வரை, சிறு முட்டையை ஒதுக்குவதில் பொரிப்பகத்துக்கு ஆதாயம் இல்லை. தேனி, கம்பம் பகுதிப் பண்ணையாளர்கள் குஞ்சு வாங்கும்போது தாய்க்கூட்டத்தின் வயது என்ன, முட்டை எத்தனை நாள் சேமிக்கப்பட்டது, எந்த எடை வரம்புக்குள் முட்டைகள் தேரப்பட்டன என்ற மூன்றையும் கேட்டு, நூறு குஞ்சுகளை ஒன்றாக நிறுத்துப் பார்த்து வாங்க வேண்டும். மாவட்டத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் மையமும், இப்பள்ளத்தாக்கின் ஆடிக்காற்றிலும் சித்திரை வெயிலிலும் எந்த எடை முட்டை எவ்வளவு பொரிகிறது என்பதை மாதந்தோறும் பதிந்து, அந்தப் பதிவைத் தமிழில் பண்ணையாளர் கையில் சேர்க்க வேண்டும்.